பார்வதியின் தேங்காய் ஏலம்

கெலிஓயா பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருக்கும் கம்பத்தில் புது நோட்டிஸ் ஒன்று ஒட்டியிருந்தது. பிலிமத்தலாவையில் மகள் வீட்டில் நாலு நாள் இருந்துவிட்டு நான் தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். மேலே போகும் பஸ் வர நேரம் இருந்தது. எனக்கு எழுத்து வாசிக்க வந்து இரண்டு வருஷம்தான் ஆகிறது. எழுபத்தாறு வயதில் சுவர், கடைப் பலகை, பஸ்ஸின் முதுகு, மருந்துப் போத்தல் எதையும் நான் விடுவதில்லை. வாசித்து முடித்ததும் பக்கத்தில் யாரும் இல்லாவிட்டால் கொஞ்சம் சிரித்துக்கொள்வேன். அன்றும் சந்தோஷமாகத்தான் அந்தக் கம்பத்தடிக்குப் போனேன்.

நோட்டிஸில் படம் இருந்தால் அதை உள்ளங்கையால் மூடிக்கொண்டு எழுத்தை வாசிப்பது என் வழக்கம். "படத்தப் பாத்து முடிவு பண்ணாதீங்கண்ணே. எழுத்து என்னா சொல்லுதுன்னு பாருங்க" என்று எனக்குச் சொல்லித் தந்தவள் பார்வதி. அப்படியே மூடிக்கொண்டு, பெரிய எழுத்தில் இருந்த பெயரை ஒவ்வொன்றாகக் கூட்டினேன். பார்வதி என்று வந்தது. நம் பார்வதி பெயரில் இன்னொருத்தி என்று நினைத்தேன். அடுத்த வரியில் தையல் கடை என்று வந்தது. அதற்கும் அடுத்ததில் கெலிஓயா. கையை எடுக்காமல் மூன்று தரம் வாசித்தேன். புதிதாகப் படித்தவன்தானே, எங்கேயாவது ஓர் எழுத்தைத் தவறவிட்டிருப்பேன் என்று நம்பினேன். மூன்று தரமும் அது ஒன்றையேதான் சொன்னது. அதன் பிறகுதான் கையை எடுத்தேன். சாவு நோட்டிஸில் அவள் முகம்.

இந்த நினைவு மலரை வாசிக்கும் உங்களில் பலருக்கு அவர் பார்வதி அக்கா. அம்பிட்டியவில் அவர் எடுத்து வைத்திருந்த அறையில் பிள்ளையோடு தங்கிய தாய்மாருக்குப் பார்வதியம்மா. எனக்குத் தங்கச்சி. ஒரே லயத்து வரிசை வீட்டில், இரண்டு காம்பரா தள்ளி வளர்ந்தோம். நான் ஆறு வயது மூத்தவன். ஆகையால் அவள் என்றே எழுதுகிறேன். மரியாதைக் குறைவு என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அவளுக்கு ஒரு தம்பி இருந்தான், சின்னராசு. வாய்த்துடுக்குக்காரன். அவனுக்கு ஏழு வயதானபோது அடிக்கடி காய்ச்சல் வந்தது. காலில் அடிபடாமலேயே நீலம் நீலமாகக் கன்றியது. அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவில் அவனால் நிற்க முடியவில்லை. நான் தோளில் தூக்கி வைத்திருந்தேன். கடைசி நாள் வழக்கம்போலச் சாமிக்கு வைத்த தேங்காய், எலுமிச்சம்பழமெல்லாம் ஏலம் போயின. பெரிய கங்காணி பத்து ரூபாய் என்று கேட்டிருந்த ஒரு தேங்காய்க்கு, என் தோளில் இருந்தவன் "ஆயிரம் ரூவா!" என்று கத்தினான். கோயிலே சிரித்தது. "அடேய், ஒங்கப்பன வித்தாலும் அவ்வளவு வராதுடா" என்றார் கங்காணி. சிரித்துக்கொண்டே அந்தத் தேங்காயை அவன் கையிலேயே கொடுத்துவிட்டார். வீடு வரைக்கும் அதை அவன் என் தலைமேல் வைத்துக்கொண்டு வந்தான். பக்கத்தில் நடந்துவந்த பார்வதி சிரித்த சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது. அந்தச் சிரிப்பை ஒருமுறை கேட்க மாட்டோமா என்று இதை எழுதும்போது ஏக்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு அவனைக் கம்பளியில் சுற்றி ரோட்டுக்குத் தூக்கிப் போனதும் நான்தான். கண்டி ஆஸ்பத்திரியில் இரத்தத்தில் புற்றுநோய் என்றார்கள். அவன் அம்மா சில நாள் விறாந்தையில் படுத்துக் கூட இருந்து பார்த்தாள். தங்க இடமில்லை. வேலைக்குப் போகாவிட்டால் தோட்டத்தில் அன்றைய கூலிக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் வீட்டில் உலை ஏறாது. நாளைக்கு வருகிறேன் என்று மகனிடம் சொல்லிவிட்டு மலைக்கு வந்தாள். அவள் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் சின்னராசு போய்விட்டான். பக்கத்தில் ஒருவரும் இல்லை. பார்வதிக்கு அப்போது பதின்மூன்று வயது. "என்னைய வுட்டிருந்தா நான் இருந்திருப்பேனேண்ணே. கட்டிலுக்கு அடியிலயாவது படுத்திருப்பேனே" என்று அன்று சொன்னாள். பிறகும் பல வருஷம் அதையே சொன்னாள்.

சில வருஷம் கழித்து ஊரோடு ஊராக அவள் பெற்றோரும் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். பார்வதி போகவில்லை. தம்பியைப் புதைத்த இடத்தை விட்டுவிட்டு எப்படிப் போவது என்று கேட்டாள். கெலிஓயாவில் ஒரு தையல் கடையில் பட்டன் தைக்கச் சேர்ந்து, பிறகு அந்தக் கடையையே எடுத்து நடத்தினாள். நாற்பது வயதுக்குக் கிட்ட, ஆஸ்பத்திரிக்குப் போய்வர வசதியான அம்பிட்டியவில் ஒரு சிங்கள நோனாவின் வீட்டுக் கீழறையை வாடகைக்குப் பிடித்தாள். மூன்று பாய், ஓர் அடுப்பு, ஒரு அலுமாரி. பிள்ளையைப் புற்றுநோய் வார்ட்டில் வைத்திருக்கும் தாய் அங்கே தங்கலாம், சமைக்கலாம், காலையில் பிள்ளையிடம் போகலாம். வாடகையோடு தாய்க்கு விழாமல் போன பேரையும் ஈடுகட்ட வேண்டும் என்பது அவள் நினைப்பு. தையலில் அவ்வளவு வருமா? ஊரிடம் கேட்பது என்று முடிவு செய்தாள்.

எந்த நாளில் கேட்பது என்று என்னோடு பேசினாள். தம்பியின் திவசத்தன்று கேட்கலாம் என்றேன். "வேணாம்ண்ணே. செத்த நாள்ல கேட்டா ஜனங்க செத்தவனுக்குக் குடுப்பாங்க. பொறந்த நாள்ல கேட்டாத்தான் இருக்குற புள்ளைக்குக் குடுப்பாங்க" என்றாள். சின்னராசு பிறந்தது தை மாதம். தையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று வைத்துக்கொண்டோம்; எந்த ஞாயிறு என்று குறிக்கவில்லை.

இனி எழுதப் போவதுதான் இந்த மலருக்காக நான் பேனா பிடித்ததற்குக் காரணம்.

அந்தக் காலத்தில் நான் தோட்டத்து மரண உதவிச் சங்கத்தில் இருந்தேன். யார் வீட்டில் சாவு என்றாலும் நாலு டிவிஷனுக்கும் போய்ச் சொல்வது என் வேலை. நல்ல குரல். இந்த மலையில் நின்று சொன்னால் எதிர் மலையில் கேட்கும். நான் வாயைத் திறந்தால் ஆட்கள் கூடையை இறக்கிவிடுவார்கள். அரிசி, தேங்காய், விறகு எடுத்துக்கொண்டு சாவு வீட்டுக்குப் போவார்கள். எனக்கு எழுத்துத் தெரியாது என்பது யாருக்கும் தெரியாது. காகிதத்தைக் கையில் விரித்துப் பிடித்துக்கொண்டு, காதில் விழுந்திருந்ததைச் சொல்வேன். அப்படிப் பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டிவிட்டேன்.

ஒரு சனிக்கிழமை காலை பார்வதி பஸ்ஸிலிருந்து பாதி இறங்கியபடியே ஒரு கட்டு நோட்டிஸை என்னிடம் நீட்டினாள். அதே பஸ்ஸில் திரும்ப வேண்டும் அவளுக்கு. "அண்ணே, எல்லா டிவிஷனுக்கும் சொல்லிருங்க. நாளைக்கு மத்தியானம் எல்லாரும் பிரட்டுக்களத்துக்கு வந்துரணும். பாவம், அந்தப் புள்ளைக்காகண்ணே" என்றாள். பஸ் போய்விட்டது.

நோட்டிஸின் நடுவில் கீழ் டிவிஷன் செல்லம்மாவின் மகள் மேகலாவின் படம். ஆறு வயது. ஆஸ்பத்திரியில் இருந்தாள் என்பது எல்லோருக்கும் தெரியும். படத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு போட்டிருந்தார்கள். அச்சகத்தில் எல்லாவற்றுக்கும் அதே கட்டத்தைத்தான் போடுவார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. கறுப்புக் கட்டத்துக்குள் ஒரு முகம் இருந்தால் நான் அறிந்த அர்த்தம் ஒன்றுதான். நாங்கள் பேசி வைத்த தை ஞாயிறு நினைவுக்கே வரவில்லை. பக்கத்தில் பள்ளிக்கூடம் போன பையன்கள் இருந்தார்கள். வாசிக்கச் சொல்லியிருக்கலாம். வாசிக்கச் சொன்னால் என் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் சொல்லவில்லை.

கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் போய் நின்று, கீழ் டிவிஷன் செல்லம்மா மகள் மேகலா தவறிவிட்டாள், நாளை மத்தியானம் எடுக்கிறார்கள் என்று சொன்னேன். பெண்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். சாவு நோட்டிஸை யாரும் கையில் வாங்கி வீட்டுக்குள் கொண்டுபோக மாட்டார்கள். என் வாயைக் கேட்டவர்கள் யாரும் எழுத்தைப் பார்க்கவில்லை. ஞாயிறு காலை ரோட்டிலிருந்து செல்லம்மாவின் லயம் வரைக்கும் வெள்ளைக் கொடி கட்டினோம். மடுவத்துக்கு முன்னால், வேலைக்குப் பேர் கூப்பிடும் பிரட்டுக்களத்தில் அரிசியும் தேங்காயும் குவிந்தன.

பதினொரு மணி பஸ்ஸில் செல்லம்மா இறங்கினாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தலையில் கம்பளித் தொப்பியோடு, மேகலா இறங்கினாள். ஆஸ்பத்திரியில் ஏழு நாள் வீட்டில் இருந்துவிட்டு வரச் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

பிள்ளைதான் முதலில் கேட்டாள். "யாரு வீட்டுக் கொடி மாமா?"

கொடி போகும் பாதையைச் செல்லம்மா கண்ணால் பார்த்துக்கொண்டே போனாள். அது தன் வாசலில் முடிவதைக் கண்டதும் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். "எம்புள்ளைய உசுரோட கொன்னுட்டீங்களேடா! இனி எனக்கு ஆஸ்பத்திரியும் வேணாம், ஒரு மருந்தும் வேணாம். ஊரே சேந்து சாவு சொல்லியாச்சு, இனி என்னா மருந்து புடிக்கப் போவுது?" என்று மண்ணை வாரி இறைத்தாள். அவள் வெறும் கோபத்தில் பேசவில்லை. மருந்தை நிறுத்திவிட்டுப் பூசாரியிடம் போய்விடுவாள் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் புரிந்தது. மருந்து நின்றால் என்ன ஆகும் என்பது எனக்குப் புரிந்தது. சின்னராசுவின் கனம் என் தோளில் இருந்தது.

அடுத்த பஸ்ஸில் பார்வதி வந்தாள். அம்பிட்டிய அறைக்குப் படுக்கை விரிப்பு தருவதாகச் சொன்ன கெலிஓயாத் துணிக்கடை முஸ்லிம் நானாவையும் கூட்டி வந்திருந்தாள். மடுவச் சுவரில் நான் ஒட்டியிருந்த நோட்டிஸைப் பார்த்தாள். கொடியைப் பார்த்தாள். என்னை ஒரே ஒரு தடவை பார்த்தாள். அந்தப் பார்வையிலேயே எனக்கு எழுத்துத் தெரியாது என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"பிழை என்னோடது. பஸ்ஸு போற அவசரத்துல நாந்தான் இந்தக் கறுப்பையாண்ணனுக்குத் தப்பாச் சொல்லிட்டேன். ஏசுறதா இருந்தா என்னைய ஏசுங்க."

ஏசினார்கள். செல்லம்மா ஏசிய ஏச்சை எழுதுவதற்கு இந்த மலர் ஏற்ற இடமல்ல. பார்வதி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டே கொடிகளை ஒவ்வொன்றாக அவிழ்த்துச் சுருட்டினாள். எதிர் மலைக்குக் கேட்கும் என் வாய் அன்று திறக்கவில்லை.

கொடி போய்விட்டது. தேங்காய்க் குவியல் அப்படியே இருந்தது. சாவு வீட்டுக்கென்று எடுத்த அரிசியும் தேங்காயும் திரும்ப வீட்டு உலைக்குப் போகக்கூடாது என்பது நம் வழக்கம். யாரும் தொட மறுத்தார்கள். "அப்புடியே ஆத்துல கொட்டிருவோம்" என்றார் ஒருவர். பார்வதி அந்தக் குவியலுக்குப் பக்கத்தில் போனாள். பிறகு மேகலாவைத் தூக்கிக் கொழுந்துத் தராசுக்குப் பக்கத்தில் இருந்த கதிரையில் உட்கார வைத்தாள். மடியில் ஒரு தேங்காயை வைத்தாள்.

"அண்ணே, ஏலம் வுடுங்க" என்றாள்.

"என்னா ஏலம்?"

"கோயில்ல வுடுவாங்களே, அதான். எந்தம்பி கேட்டானே, ஒங்க தோள்ல ஒக்காந்துகிட்டு. செத்துப் போச்சுன்னு சொன்ன புள்ளை தன் கையாலயே குடுக்குது. வாங்குறவங்களுக்கு என்னா தோஷம் வந்துரும்?"

"ஒரு தேங்கா..." என்றேன். யாரும் விலை கேட்கவில்லை. எல்லோரும் அடுத்தவர் முகத்தைப் பார்த்தார்கள். அப்போது துணிக்கடை நானா முன்னால் வந்தார். "என்னத்துக்குப் பயப்புடுறீங்க? தேங்காய்க்குத் தெரியுமா யாரு மௌத்தாகின, யாரு உசிரோட ஈக்கிறண்டு? அம்பது ரூவா. எனக்குத் தாங்க" என்றார்.

மேகலா தேங்காயை இரண்டு கையாலும் தூக்கி நீட்டினாள். கனம் தாங்காமல் அது நழுவி நானாவின் காலில் விழுந்தது. நானா ஒற்றைக் காலில் குதித்தார். "யா அல்லாஹ்! இந்தப் புள்ளக்கி ஒரு வருத்தமும் இல்ல, எனக்குத்தான் இனி ஆஸ்பத்திரி!" பிள்ளை சிரித்தாள். தொப்பி நழுவி, முடியில்லாத தலை வெயிலில் மின்ன மின்னச் சிரித்தாள். பல நாளாக அவள் சிரிக்கவில்லை என்று செல்லம்மா பிற்பாடு சொன்னாள்.

அதற்குப் பிறகு என் குரல் திரும்பி வந்தது. கங்காணி ஐம்பத்தைந்து என்றார். நானா எழுபது என்றார். "முஸ்லிம் ஆளு எல்லாத் தேங்காயையும் அள்ளிட்டுப் போறாரு, பாத்துக்கிட்டு நிக்கிறீங்களா?" என்று நான் கத்தினேன். பெண்கள் லீவு நாளில் கைக்காசுக்கு எடுத்த கொழுந்துக்குக் கிடைத்ததை முடிச்சிலிருந்து அவிழ்த்தார்கள். ஒரு தேங்காய் மிஞ்சவில்லை. அரிசி அங்கேயே வெந்து, எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம். குறித்த நாளில் செல்லம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறினாள். இரவில் அம்பிட்டிய அறையில் தங்கினாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு தையிலும் பிரட்டுக்களத்தில் தேங்காய் ஏலம் நடக்கிறது. கம்பளை, பேராதனை ஆட்களும் வருகிறார்கள். மருந்தில் இருக்கும் பிள்ளை ஒன்று கதிரையில் இருந்து தேங்காய் எடுத்துக் கொடுக்கும். நான் ஏலம் விடுவேன். எல்லாப் பிள்ளைகளும் மேகலாவைப் போலப் பிழைத்துவிடவில்லை. கதிரையில் இருந்த பிள்ளை அடுத்த தையில் இல்லாமல் போனதும் உண்டு. அப்படிப்பட்ட நாட்களில் பார்வதி கடையைப் பூட்டிவிட்டுச் சாவு வீட்டுக்குப் போவாள். அங்கே கேட்பது ஒன்றே ஒன்றுதான்: "தாய் பக்கத்துல இருந்தாளா?" இருந்தாள் என்று தெரிந்தால் ஒரு தேத்தண்ணி குடிப்பாள்.

செல்லம்மா மூன்று வருஷம் பார்வதியோடு பேசவில்லை. அவள் அறையில் தங்கிக்கொண்டே, அவள் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதைப் பார்க்கும்போதெல்லாம் உண்மையை நான் சொல்லிவிடுகிறேன் என்று பார்வதியிடம் சொல்வேன். "சும்மா இருங்கண்ணே. ஒங்க வாய நம்பித்தான் நாலு டிவிஷனும் சாவுக்கு வருது. அது போயிட்டா என்னா ஆவுறது? நான் தையக்காரி. என்னைய எவ்வளவு ஏசுனாலும், தீவாளி வந்தா சட்டை தைக்க எங்கிட்டதான் வரணும்" என்பாள். பிறகு செல்லம்மா பேசினாள். ஆனாலும் கடைசிவரை கேலியாக "தப்பாச் சொன்ன தையக்காரி" என்றே கூப்பிட்டாள். பார்வதி சிரித்துக்கொண்டே என்ன என்று கேட்பாள்.

நான் எழுத்துப் படித்த கதையும் ஏலத்தோடு சேர்ந்ததுதான். மூன்று தைக்கு முன், ஏலத்துக்கு வந்த புது பேனரைத் தலைகீழாகக் கட்டிவிட்டு ஏணியில் நின்று அழகு பார்த்துக்கொண்டிருந்தேன். கீழே நின்ற பார்வதி இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அண்ணே, முப்பது வருஷம் ஒங்களைக் காப்பாத்திட்டேன். இதுக்கு மேல ஏலாது. நாளைக்குக் கடைக்கு வாங்க" என்றாள். கடையில் ஆள் குறைந்த நேரத்தில் கறுப்புத் துணியை மேசையில் விரித்து, துணியில் கோடு போடும் தையல் சோக்கட்டியால் எழுதிக் காட்டுவாள். எழுதியதைத் தட்டிவிட்டால் போய்விடும். என் பெயரை நானே எழுதிய அன்று அந்தத் துணியைத் தட்ட விடாமல் பிடித்துக்கொண்டேன். "குடுங்கண்ணே, அது கணக்கப்பிள்ளையோட காற்சட்டைத் துணி!" என்று இழுத்தாள். இருவரும் சிறு பிள்ளைகளைப் போல இழுத்தோம். இன்னொரு நாள் சொன்னாள்: "நான் போனா என் நோட்டிஸ நீங்கதான் வாசிச்சுச் சொல்லணும். இந்தத் தடவ பிழை விடக் கூடாது."

அன்று கம்பத்தடியில் கையை எடுத்த பிறகு மேலே போகும் பஸ்ஸில் ஏறினேன். தோட்டத்துக்கு ஃபோனில் செய்தி எனக்கு முன்பே போயிருந்தது. முந்தின நாள் மாலை மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்தபடியே சாய்ந்துவிட்டாளாம். ஆனாலும் மடுவத்தில் எல்லோரும் எனக்காகக் காத்து நின்றார்கள். சங்கத்து வேலையை விட்டுப் பல வருஷமாகிவிட்டது. யாரோ நோட்டிஸ் ஒன்றை என் கையில் தந்தார்கள். அந்த இடத்தில் நான் உண்மையாகவே வாசித்த முதல் நோட்டிஸ் அதுதான். மெதுவாக, ஒவ்வோர் எழுத்தாக வாசித்தேன். குரல் எதிர் மலைக்குப் போயிருக்காது.

கூட்டத்தில் செல்லம்மா நின்றாள். பக்கத்தில் மேகலா, இடுப்பில் தன் பிள்ளையோடு. "திரும்ப வாசிங்கண்ணே" என்றாள் செல்லம்மா. "இதே எடத்துலதான எம்புள்ளையையும் சொன்னீங்க. அது பொய்யாத்தான போச்சு. நல்லாப் பாத்து வாசிங்க."

திரும்ப வாசித்தேன். பிழை இருக்கக்கூடாதா என்று நானும் தேடினேன். அவள் நன்றாகவே சொல்லித் தந்திருந்தாள். ஒரு பிழையும் இல்லை.

செல்லம்மா, உனக்குத்தான் இதை எழுதினேன். அன்று பார்வதி தப்பாகச் சொல்லவில்லை. அவள் தந்த நோட்டிஸ் ஒன்று என் ட்ரங்குப் பெட்டியில் இருக்கிறது. போன வருஷம்தான் முதல் தடவையாக வாசித்தேன். மேகலா சுகமாகி வர உதவுங்கள் என்றுதான் எழுதியிருக்கிறது. எழுத்துத் தெரியாத நான் அதைச் சாவாக்கினேன். உன் ஏச்செல்லாம் எனக்கு வரவேண்டியவை.

பார்வதியின் கடையிலிருந்து அரைத் துண்டுச் சோக்கட்டி மட்டும் கேட்டு வாங்கி வந்தேன். அதைவிடப் பெரிதாக ஒன்றையும் எடுத்துக்கொள்கிறேன். முப்பது வருஷம் அவள் தன் பெயரில் வைத்திருந்த என் பிழையை இன்று என் பெயருக்கு மாற்றிக்கொள்கிறேன். முப்பத்தோராம் நாள் காரியத்தன்று பிரட்டுக்களத்தில் எல்லோரும் கூடும்போது, எழுந்து நின்று இதை நானே வாசிப்பேன். எதிர் மலைக்குக் கேட்கும்படி வாசிப்பேன்.